முப்பத்தேழாவது பங்கேற்பாளர்

அரியலூர்,
18.11.2024

மதிப்பிற்குரிய முனைவர் ரா. வெற்றிச்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். வரும் பிப்ரவரி 3 முதல் 7 வரை திருச்சியில் நடைபெறவுள்ள சர்வதேசத் தொல்லுயிரியல் மாநாட்டுக்குத் தாங்கள் பதிவு செய்தமைக்கு நன்றி. மாநாட்டுக்கு வாகன ஏற்பாடு செய்யும் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து இந்தத் தகவல்களை அனுப்புகிறோம். திருச்சி விமான நிலையத்தில் எங்கள் டிரைவர் பெயர்ப் பலகையோடு நிற்பார். பகலில் வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் பருத்தி உடையும் கொண்டு வரவும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பிப்ரவரி 5 புதன்கிழமை களப்பயணம். சாத்தனூர் கல்மரம், காரை ஓடை, அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆகிய இடங்களுக்கு பஸ் புறப்படும். ஷூ அவசியம்.

இது வரைக்கும் எல்லாருக்கும் போற லெட்டரு. இதுக்குக் கீழ உனக்கு மட்டும்.

அக்கா, நான் மணி. உன் தங்கச்சி மணிமொழி. நீ மறந்திருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். இந்தத் தகவலெல்லாம் நான்தான் தமிழ்ல எழுதிக் குடுக்குறேன், காலேஜ் சார் ஒருத்தரு இங்கிலீஷ்ல மாத்தி அனுப்புறாரு. பேரு லிஸ்ட்டு வந்துச்சி. முப்பத்தேழாவது பேரு உன் பேரு. ஊரு வியன்னா, சாப்பாடு அசைவம், களப்பயணம் "வேண்டாம்".

ஜப்பான்லேர்ந்தும் பிரேசில்லேர்ந்தும் நம்ம ஊரு ஓடையப் பாக்க வர்றாங்க. நீ மட்டும் வேண்டாங்குற. நல்லாருக்குக்கா. ரொம்ப நல்லாருக்கு.

உன் நம்பரை நான் பிளாக் பண்ணி ஒன்றரை வருஷம் ஆவுது. அது அப்படியேதான் இருக்கும். வேற சந்தேகம் இருந்தா இந்த மெயிலுக்கு எழுதலாம். பங்கேற்பாளர்களுக்குப் பதில் எழுதுறது என் வேலை.

இப்படிக்கு,
ரா. மணிமொழி
உள்ளூர் உதவி

*

வியன்னா,
24.11.2024

மணிக்கு,

தகவலுக்கு நன்றி. விமான நிலையத்துக்கு வண்டி வேண்டாம், நானே டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன்.

களப்பயணத்தில் பார்க்கப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவைதான். தெரிந்த இடத்துக்குப் போகாமல் விடுவதில் உனக்கு என்ன கஷ்டம் என்று புரியவில்லை.

ஒரே ஒரு விஷயம். வீட்டில் பின்பக்கம் ஒரு யூரியா சாக்கில் என் கற்கள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்த, கடல் நத்தை கல்லாகிப்போன நத்தைக் கற்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டிருப்பேன். அதில் இரண்டு மூன்று மிகவும் அபூர்வமானவை. அந்தச் சாக்கை யாரிடமாவது திருச்சிக்குக் கொடுத்துவிட முடியுமா?

அம்மா எப்படி இருக்கிறது?

செல்வி

*

அரியலூர்,
2.12.2024

அக்கா,

கல்லு எப்படி இருக்குன்னு மொதல்ல கேட்டுட்டு அம்மா எப்படி இருக்குன்னு கடைசில கேக்குற பாரு. உன்ன அடிச்சிக்க ஆளே கெடையாது.

அம்மா இருக்கு. மூட்டு வலி. படி ஏறுனா எறங்குனா ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டுத்தான் காலு வைக்கும். அப்பாவ எடுத்த அன்னைக்கி நீ போன்ல பேசுனத அது இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கிட்டயும் பேசுனதில்ல. ஆனா அன்னைக்கி போனு ஸ்பீக்கர்ல கெடந்துச்சி, அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சி. அது உனக்குத் தெரியணும்.

நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? நான் சொல்லட்டுமா? "எடுத்ததுக்கு அப்புறம் அங்க வந்து நான் யாரப் பாக்கறது?"

யாரப் பாக்கறதா? தாலிய எறக்கிட்டு வந்து உக்காந்திருந்த நம்ம அம்மா உன் கண்ணுக்குத் தெரியலயா? அது கேட்டுச்சிக்கா. கேட்டுட்டு எந்திரிச்சிப் போயி வாசல்ல கெடந்த சாமான எல்லாம் ஒன்னொன்னா எடுத்து உள்ள வச்சிச்சி. அப்பதான் உன் நம்பரை நான் பிளாக் பண்ணுனேன்.

கல்லு எங்கயும் போவல. வூட்லதான் இருக்கு. ஆனா அத யாரும் தூக்கிட்டு வர முடியாது. வேணும்னா நீயே வந்து பாத்துக்க.

மணி

*

வியன்னா,
20.12.2024

மணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் பதில் எழுத முடியவில்லை.

ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன்னிடம் கோபத்தில் சொன்னேன். நான் என்ன கேட்டேன்? ஒரு நாள். ஒரே ஒரு நாள் அப்பாவை வைத்திருங்கள் என்றுதானே கேட்டேன். லிஸ்பன் மாநாட்டில் என் பேப்பர் படிக்க மேடை ஏறும்போது போனை அணைத்தேன். இறங்கி வந்து பார்த்தால் உன்னிடமிருந்து ஒன்பது அழைப்பு. முதலில் கிடைத்த விமானத்தைப் பிடித்து ஏறியிருந்தால் மறுநாள் சாயங்காலம் திருச்சியில் இறங்கியிருப்பேன். நீங்கள் அதற்கு முன், மத்தியானமே எடுத்துவிட்டீர்கள். எனக்கு அப்பா முகத்தைக் காட்டவில்லை நீ. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், சரி. நீ என்னிடம் கேட்கவேண்டியது ஒன்றுமே இல்லையா?

களப்பயணத்துக்கு "வேண்டும்" என்று மாற்றிவிட்டேன். கல்லுக்காக என்று நினைத்துக்கொள். எனக்கு வேறு என்ன சொல்லி மாற்றுவது என்று தெரியவில்லை.

செல்வி

*

அரியலூர்,
9.1.2025

அக்கா,

மே மாசம்க்கா. ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வச்சோம். காலைல எட்டு மணிக்கி கரண்ட் போச்சி. டிரான்ஸ்பார்மரு வெடிச்சி, சாயங்காலம்தான் வரும்னுட்டாங்க. ஜெனரேட்டருக்கு ஜெயங்கொண்டம் வரைக்கும் ஆள் அனுப்புனேன், கெடைக்கல. அப்பா முகம் மாற ஆரம்பிச்சிடுச்சி. அந்த முகத்த நீ பாக்க வேணாம்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். ஊரு பெரியவங்க யாரும் சொல்லல, நான் சொன்னேன். இத உங்கிட்ட அன்னைக்கே சொல்லிருக்கணும். கோவத்துல சொல்லல. அதுக்கு என்ன மன்னிச்சிக்க.

இப்ப இன்னொன்னு. களப்பயணத் தகவல் தாளு இன்னைக்கி எல்லாருக்கும் போவுது. அதுல ஆறாவது பத்தியில "பெண் பங்கேற்பாளர்களுக்குக் கழிப்பறை வசதி, சுரங்கத்துக்கு முன்னால் உள்ள ஊரில் ஒரு வீட்டில் செய்யப்பட்டுள்ளது. மேற்கத்திய முறை. சுத்தமானது. அங்கேயே மோரும் வழங்கப்படும்"னு இருக்கும். அந்த வூடு எந்த வூடுன்னு நீ பஸ்ஸுல வந்து தெரிஞ்சிக்க வேணாம்னுதான் இத எழுதுறேன். நம்ம வூடுதான்.

காரை ஓடையிலயும் சுரங்கத்துலயும் பொம்பளைங்களுக்கு ஒதுங்க எடமில்ல. உன்னச் சேக்காம பதினாலு பொம்பளைங்க வர்றாங்க. சார் தலையப் பிச்சிக்கிட்டாரு. நான் சொன்னேன், ஒரு வூடு இருக்குன்னு.

நீ அப்பா சாவறதுக்கு மூணு மாசம் முன்னால உன் புரொபசரம்மாவயும் இன்னும் மூணு பேரயும் கூட்டிக்கிட்டு வந்தியே, அந்தம்மா பாத்ரூம் எங்கன்னு கேட்டப்ப, கவர்மெண்டு கட்டிக் குடுத்த கக்கூஸத் தொறந்தா உள்ள நெறைய வெறகு. அவங்க முன்னாடி நீ அப்பாவப் பாத்துக் கத்துன. "வெறகு அடுக்கவா கட்டிக் குடுத்தாங்க, வெக்கமா இல்ல உங்களுக்கு?" அப்பா தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னாரு. அம்மா ஆறு பேருக்குக் கோழி அடிச்சிக் கொழம்பு வச்சிருந்துச்சி. நீங்க யாரும் உக்காரக்கூட இல்ல. திருச்சி லாட்ஜுக்குப் போயிட்டீங்க.

மறு வாரமே அப்பா பாவாடைன்னு ஒரு கொத்தனாரக் கூட்டியாந்து கோடு போட்டுட்டாரு. அரியலூருக்குப் போயி கமோடு வாங்கி, டிவிஎஸ் பின் சீட்டுல வச்சி, தன் துண்டால அதையும் தன்னையும் சேத்துக் கட்டிக்கிட்டு ஓட்டிக்கிட்டு வந்தாரு. தேரடியில நின்னவங்கெல்லாம் ஒரே சிரிப்பு. "யாருக்கு மாமா சிம்மாசனம்"னு ஒருத்தன் கேட்டானாம். "எம் பெரிய பொண்ணுக்குடா"ன்னாராம். செவுரு பூசி முடிச்ச பத்தாம் நாளு நெஞ்சு வலின்னு படுத்தாரு.

அம்மா அத பூட்டி வச்சிருக்கு. வெறக எடுத்துப் போட்டுட்டு நாங்க பழசத்தான் பொழங்குறோம். புதுசு யாரும் இன்னும் ஒரு தடவ கூட உள்ள போனதில்ல. "செல்வி வரட்டும்"னு ஒரே வார்த்த.

பதினாலு பேரும் போறதுக்கு முன்னால நீ தொறக்கணும்க்கா. அம்புட்டுத்தான் நான் கேக்குறது. வண்டி நின்னவுடனே எறங்கிடு.

மணி

*

வியன்னா,
16.1.2025

மணி,

தாள் வந்தது. ஆறாவது பத்தி. ஆபீஸில் எல்லாரும் இருந்தார்கள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிக்காதே. அழுவதற்கு எனக்கும் அதுதான் இடமாக வாய்த்தது.

நீ எடுக்கச் சொன்னதுக்கு நான் மன்னிக்க ஒன்றுமில்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இவ்வளவு காலம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத நான்தான் முட்டாள்.

அப்பா அதைக் கட்டியதை ஏன் எனக்கு அப்போதே சொல்லவில்லை? தெரிந்திருந்தால் ஏப்ரலில் வந்திருப்பேன். லிஸ்பனுக்குப் போகாமல் வந்திருப்பேன். இப்படி ஆயிரம் "வந்திருப்பேன்" எழுதலாம், வெட்கமாக இருக்கிறது.

இறங்குகிறேன் மணி. நானே திறக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, நான் நேரில் வந்து நிற்கிறேன்.

செல்வி

*

திருச்சி,
6.2.2025, காலை

மணி,

நான் இறங்கவில்லை. நீயே பார்த்தாய். ஏன் என்று உனக்கு எழுதியாக வேண்டும்.

காரை ஓடையில் புழுதி அப்படி அடித்தது. தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு பின்சீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் நம் தெருவில் திரும்பியதும் அந்த அறை தெரிந்தது. கதவைச் சுற்றிச் சுவரில் என் கற்கள். சாக்கோடு நான் கேட்ட அத்தனை நத்தைக் கற்களையும் அப்பா சிமென்ட்டில் பதித்து வைத்திருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் போட்ட நம்பர் வரிசைப்படி. ஒரு நம்பர்கூட மாறவில்லை. கொத்தனாருக்கு அவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருப்பார்.

எழுந்தேன் மணி. சத்தியமாக எழுந்தேன். அதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கழிப்பறைக்குப் போன ஜப்பான்காரப் பெண் உள்ளே போகாமல் கதவு முன்னாலேயே நின்று கத்தினாள். நாற்பது பேரும் ஓடினார்கள். போட்டோ எடுக்கிறார்கள், டேப் வைத்து அளக்கிறார்கள், பதினொன்றாம் நம்பர் கல்லைப் பார்த்து ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யார் சேகரித்தது என்று கேட்கிறார்கள். நான் கத்தினேனே, அந்த இடத்தில். அப்பா தலை குனிந்து நின்ற இடத்தில். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

நீ லிஸ்ட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றாய். கடைசியில் அம்மா வந்தது. கையில் செம்பு, ஒரு டம்ளர். ஒரு பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படி ஏறியது. நேராக என்னிடம் வந்தது. எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து, வாய்க்கு நேராகக் கையைக் கொண்டுபோய்க் குடிக்கிற மாதிரி காட்டியது. "மோரும்மா. குடிம்மா. வெயிலு" என்றது.

வாங்கிக் குடித்தேன். அதில் உப்பே இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த மாதிரி. வெளிநாட்டுக்காரர்களுக்காக உப்பில்லாமல் கரைத்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது "தேங்க் யூ".

என் அம்மாவிடம் தேங்க் யூ சொன்னேன் மணி. அது தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நான் போய்விட்டேன். எனக்கு இது வேண்டியதுதான்.

நாளை பதினொரு மணிக்கு என் பேப்பர். சாயங்காலம் விமானம். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

செல்வி

*

அரியலூர்,
6.2.2025, மத்தியானம்

அக்கா,

நேத்து பூரா உன்ன திட்டிக்கிட்டே இருந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டுனேன். காலைல உன் மெயிலப் படிச்சதும் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வூட்டுக்குப் போனேன். அம்மாகிட்ட படிச்சிக் காட்டுனேன். நீ கோச்சிக்கிட்டாலும் பரவால்ல.

அக்கா, நேத்து எல்லாருக்கும் குடுத்த மோருல உப்பும் பெருங்காயமும் போட்டிருந்துச்சி. அண்டா மோரு நான்தான் கரைச்சேன், எனக்குத் தெரியாதா? செம்புல உப்பில்லாம தனியா எடுத்து வச்சது அம்மா. காலைல ஆறு மணிக்கே எடுத்து ஈரத்துணி சுத்தி வச்சிச்சி. எதுக்குன்னு கேட்டதுக்கு "இருக்கட்டும்"னுச்சி. நீ வர்றேன்னு நான் வாயத் தொறக்கல. எப்படியோ மோப்பம் புடிச்சிருக்கு. வாரம் பூரா நான் திருதிருன்னு முழிச்சிக்கிட்டுத் திரிஞ்சது போதும்னு நெனைக்கிறேன்.

நீ எறங்காதப்ப நான் பஸ்ஸுக்குள்ள வந்து உன்ன இழுத்துப் போட்டுடலாம்னுதான் கெளம்புனேன். அம்மாதான் என் கையப் புடிச்சி நிறுத்துச்சி. "நீ இரு, நான் போறேன்"னுச்சி. ஜன்னல்ல உன்னப் பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சாம். தொப்பி போட்டா என்ன, கண்ணாடி போட்டா என்ன, சீட்டு மேல ஒரு காலத் தூக்கி மடக்கி வச்சிக்கிட்டு உக்கார்றவ வேற யாருன்னு கேக்குது.

"அப்பறம் ஏம்மா கூப்புடல? செல்வின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அவ எறங்கி வந்திருப்பால்ல?"ன்னு சண்ட போட்டேன். முந்தானையப் புடிச்சி முறுக்கிக்கிட்டே இருந்துச்சி. அப்பறம் சொன்னத அப்படியே எழுதுறேன்.

"அன்னைக்கி கூட வந்த நாலு பேரு முன்னால நம்மால அவளுக்குத் தலகுனிவாப் போச்சி. நேத்து நாப்பது பேரு. நான் போயி இவ எம் பொண்ணுன்னு சொன்னா, பாவம் புள்ள, அத்தன பேரு முன்னாடி அவளுக்கு எப்படி இருக்கும்? அவ எறங்காததே அதுக்குத்தானே. அதான் யாரோ மாதிரி குடுத்துட்டு வந்துட்டேன். தாகமா இருந்திருப்பா. பூராத்தையும் குடிச்சிட்டா."

அந்தக் கதவ பதினாலு பேரும் தொறந்தாங்க. அவங்கள எப்படித் தடுக்குறது. ராத்திரி முழுக்க அம்மா அத தேச்சித் தேச்சிக் கழுவுச்சி. திரும்பப் பூட்டிடுச்சி.

மணி

*

திருச்சி,
6.2.2025, சாயங்காலம்

மணி,

அம்மாவைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன் என்று அம்மா நினைத்துக்கொண்டு படி இறங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த மூட்டு வலியோடு. நான் வெட்கப்பட்டது என்னைப் பார்த்துடி. அதை அதுகிட்ட நானே சொல்லணும். லெட்டர்ல சொல்ல முடியாது.

பேப்பர் படிக்கலன்னு சொல்லிட்டேன். காரணம் கேட்டாங்க. அம்மாவப் பாக்கப் போறேன்னு சொன்னேன். டிக்கெட்டையும் தள்ளிப் போட்டுட்டேன்.

காலைல பல்லவன் எக்ஸ்பிரஸ்ல வந்து அரியலூர்ல எறங்குறேன். ஸ்டேஷன்லேர்ந்து நம்ம ஊருக்கு இப்ப எந்த பஸ்ஸு, எங்க நின்னு ஏறணும்? நீ அனுப்புன தகவல் தாள மூணு தடவ படிச்சிட்டேன். அதுல அது இல்ல.

அக்கா